வம்சாவளியை எதில் எழுதி வைப்போம்?

எமது தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் பரம்பரைப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது. பெண்ணுக்கோ திருமணத்தின் பின் அதுவும் மாறிவிடுகிறது. அம்மம்மாவின் தாயாருடைய பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருவரே இருந்தார். அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது.

ஆகவே விபரங்களைச் சேமிக்க, குடும்பப் பெயரை நம்பியிராத சாதனமொன்றையே தேடினேன். கொப்பியில் எழுதினால் இடையில் ஒருவரைச் சேர்க்க இடமிராது. எக்செல் அட்டவணையில் சேர்க்கலாம். ஆனால், மச்சாளை மணந்தவர் இரு கிளைகளிலும் வருவார். அதைக் காட்டுவது கடினம். 2001இல் தொடங்கப்பட்ட ‘கிராம்ப்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் கொடுக்கிறது. ஒருவருக்கே பல பெயர்களைத் தமிழில் பதியலாம். சான்றிதழின் படத்தையும் இணைக்கலாம். அதையே தெரிவு செய்தேன்.

நீங்கள் எதைத் தெரிவு செய்தாலும், விபரங்களை ‘ஜெட்கொம்’ கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால், பின்னர் வேறு மென்பொருளுக்கு மாறும்போது எல்லாவற்றையும் மீண்டும் தட்டச்சிடத் தேவையில்லை. படங்களை மட்டும் தனியே பிரதி செய்து வையுங்கள்.

ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். இடப்பெயர்வுகளில் எத்தனை வீடுகளின் பத்திரங்கள் பெட்டியோடு போயின என்பதை நாம் அறிவோம். உயிரோடிருப்போரின் அடையாள அட்டை இலக்கங்களை அதில் சேர்க்க வேண்டாம்.

சகோதரிகளே, மென்பொருள் நாளைக்கும் கிடைக்கும். வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். பெண்களை அவர்களின் பிறந்த வீட்டுப் பெயரோடு பதியுங்கள்.