உங்களுக்குத் தெரியுமா? மோதாத புரோட்டான்கள்தான் பெரும் சிக்கல்!

ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவுள்ள சுரங்கத்தில் இயங்குகிறது செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவி. அதில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாக எதிரெதிரே பாய்கின்றன. ஒரு கொத்தில் 10,000 கோடிக்கும் மேல்! ஆனால் இரு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவும்போது உண்மையில் மோதிக்கொள்பவை சில பத்து ஜோடிகள் மட்டுமே.

தப்பியவையும் சும்மா போவதில்லை. எதிர்க்கொத்தின் மின்காந்தப் புலம் ஒவ்வொன்றையும் லேசாகத் தள்ளிவிடுகிறது. கொத்தின் மையத்திலிருந்து விலக விலக இந்தத் தள்ளல் முதலில் கூடும், பிறகு குறையும். துகளின் பாதையைக் கணக்கிடுவதைக் கடினமாக்குவது இதுதான். நொடிக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும் துகளுக்கு இச்சிறு தள்ளல்கள் சேர்ந்தால் பாதையே தவறிவிடலாம்.

அதனால் விஞ்ஞானிகள் மாதிரித் துகள்களைக் கணினியில் சுற்றுச் சுற்றாகப் பின்தொடர்கிறார்கள், 10 லட்சம் சுற்றுகள் வரைகூட. மலைக்க வைக்கும் உழைப்பு! ஆனால் உண்மையான இயந்திரத்தில் அது சுமார் 90 நொடி ஓட்டம்தான். கொத்துகள் அடங்கிய கற்றைகளோ பல மணி நேரம் சுழல்கின்றன. இந்தக் கணக்குகளுக்கு உதவ 2004-ல் தொடங்கிய ‘எல்.எச்.சி. அட் ஹோம்’ திட்டத்தில், பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தை வழங்கினார்கள்.