முதலில் கயிறு, பிறகு வாள்

வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்திருக்கும் மாமரக் கொப்பொன்றை வெட்டுவதற்கு ஆள் தேடினால் மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். ஒருவர் 30,000 ரூபா கேட்பார். இன்னொருவர் 22,000 என்பார். மூன்றாமவர் 12,000 ரூபாவுக்கு முடித்துத் தருகிறேன் என்பார். எம்மில் அநேகர் மூன்றாமவருக்கே வேலையைக் கொடுப்போம். அவரால் மட்டும் எப்படி இவ்வளவு குறைத்துக் கேட்க முடிகின்றது என்று யோசிப்பவர்கள் குறைவு.

பல வருடங்களாக ஹாட்வெயார் கடை நடத்தி வருபவன் என்ற வகையில் அதற்கான விடை எனக்குத் தெரியும். அவரிடம் தலைக்கவசம் இல்லை. இடுப்பில் கட்டுவது லொறியில் பாரம் கட்டிக் கழித்த நைலோன் கயிறு. கீழே நிற்பதற்கு ஓர் உதவியாளர் மட்டுமே. மெஷின் பழுதானால் திருத்துவதற்கு ஒதுக்கி வைத்த பணமும் இல்லை. அவர் கேட்கும் 12,000 ரூபாவில் இவை எதுவும் அடங்கவில்லை. அடங்காத அந்தச் செலவையெல்லாம் அவர் தனது உயிரைப் பணயம் வைத்துச் சமாளிக்கின்றார்.

மரம் வெட்டும் தொழிலுக்கு இன்று நல்ல கேள்வி இருக்கின்றது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் வண்டியொன்றின் மீது பாரிய மரம் விழுந்து ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எத்தனையோ வீதிகள் மரம் விழுந்து மூடிக்கிடந்தன. இவற்றையெல்லாம் கண்ட பின்னர் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மரங்களை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியுள்ளார்கள். ஆகவே இளைஞர்கள் சிலர் சொந்தமாக மெஷின் வாங்கி இத்தொழிலில் இறங்குகின்றார்கள். அவர்களுக்கும், அவர்களிடம் வேலை கொடுக்கும் எமக்கும் பயன்படும் சில விடயங்களை இவ்வாரம் எழுதலாம் என நினைக்கிறேன்.

பெரிய மெஷின் மோகம்

கடைக்கு வரும் இளைஞர் கேட்கும் முதல் வார்த்தை ஒன்றுதான். “நானா, பெரிய மெஷின் ஒண்டு வேணும்.” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். “தம்பி, மரத்தில ஏறி நிக்கிறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?” பெரும்பாலும் பதில் வராது.

எங்கள் நாட்டில் மரம் தறிப்பவர்கள் மத்தியில் ஸ்டில் கம்பனியின் 070 செயின் சோவுக்குத் தனி மரியாதை உண்டு. சுமார் 105 சீசீ எஞ்சின். பாரும் செயினும் பூட்டாமலே 10 கிலோவுக்கு மேல் நிறை. விழுந்து கிடக்கும் பெரிய அடிமரத்தைப் பலகையாகக் கிழிப்பதற்கு அது சிறந்த இயந்திரம்தான். ஆனால் அதில் செயின் பிரேக் கிடையாது. பாரின் நுனியின் மேற்பகுதி ஒரு கொப்பில் பட்டால் மெஷின் ஒரு கணத்தில் ஆளின் முகத்தை நோக்கித் திரும்பும். செயின் பிரேக் உள்ள மெஷினில் அந்த நேரம் செயின் நின்றுவிடும். 070இல் நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறுவது கத்தியை வாயில் கவ்விக்கொண்டு நீந்துவது போன்றது.

வீட்டுத் தோட்டங்களில் கொப்பு வெட்டுபவருக்கு அன்றாடம் தேவைப்படுவது இரண்டு மெஷின்கள். ஒன்று, 30 சீசீ அளவில் சுமார் 4 கிலோ நிறையுள்ள சிறியது. இது மரத்தின் மேலே செல்வது. மற்றையது, 50 முதல் 70 சீசீ வரையிலான நடுத்தர மெஷின். இது நிலத்தில் நின்று அடிமரத்தை வெட்டுவதற்கு. மேலே ஒன்று சிக்கிக்கொண்டால் அதை விடுவிப்பதற்கும் இரண்டாவது மெஷின் வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் வரும் மிகப்பெரிய மரத்துக்காகப் பெரிய மெஷின் வாங்கிப் பணத்தை முடக்கத் தேவையில்லை. அந்த நாளுக்கு மெஷினோடு ஆளையும் கூலிக்கு எடுக்கலாம்.

மரம் ஏறுபவர்களுக்கென்றே மேற்பக்கம் கைபிடி உள்ள சிறிய மெஷின்களும் வருகின்றன. பழகியவர் கையில் அவை நல்லவை. ஒரு கையால் பிடித்து வெட்ட ஆசை காட்டுவதுதான் அவற்றின் ஆபத்து. பெற்றரியில் இயங்கும் மெஷின்களையும் சிலர் கேட்கின்றார்கள். சத்தம் குறைவு, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் வேலை இல்லை. ஆனால் நாள் முழுவதும் வேலை செய்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றரிகள் வேண்டும். அந்த விலையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விடயம் உதிரிப்பாகம். மலிவான மெஷின் வாங்குவது குற்றமல்ல. அதன் காபரேட்டரும் கிளட்சும் எமது ஊரிலோ பஞ்சிகாவத்தையிலோ கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே வாங்க வேண்டும். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது ஒரு சிறிய பாகம் இல்லாமல் நல்ல மெஷின்களும் வாரக்கணக்கில் மூலையில் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். மெஷின் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள்.

கயிறும் கவசமும்

ஓர் அடி விட்டமும் பத்து அடி நீளமும் கொண்ட பச்சைக் கொப்பு சுமார் 200 கிலோ நிறை வரும். அதாவது நான்கு மூடை சீமெந்து. அதைக் கூரையில் படாமல் இறக்குவதும், அதே மரத்தில் ஒரு மனிதன் தொங்கிக்கொண்டிருப்பதும் கயிற்றை நம்பித்தான். எனவே ஆளுக்கு ஒரு கயிறு, பாரத்துக்கு வேறு கயிறு என்பது இத்தொழிலின் முதல் விதி. பாரம் இறக்கிய கயிற்றில் ஆள் ஏறக்கூடாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் வெகுவாகக் குறைகின்றது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெயிலில் காய்ந்து நார் பிரிந்த கயிற்றைப் பார்த்தவுடன் வெட்டி வீச வேண்டும். வைத்திருந்தால் யாராவது எடுத்துப் பாவிப்பார்கள்.

மரத்தின் மேலே செயின் சோ பாவிக்கும்போது ஹார்னஸை இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். ஒன்று கைதவறி அறுந்தாலும் மற்றது பிடிக்கும். அரையில் சுற்றிக்கட்டும் கயிறு உள்ளே இரும்புக் கம்பி வைத்ததாக இருந்தால் வாள் பட்டாலும் உடனே அறுந்துவிடாது. முகமறைப்பும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசம், கண்ணாடி, சப்பாத்து ஆகியவை கட்டாயம். செயின் சோவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது கேட்காமல் போன பின்னர் மருந்தில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். கட்டுவதற்குக் கயிறு வேண்டும். அதுவும் நல்ல கயிறு வேண்டும்.

கூலியில் சேராத செலவு

இனி கணக்கு. விலைகள் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே இதை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெஷின்களுக்கும் 180,000 ரூபா, அவை 600 வேலை நாட்கள் உழைக்கும் என்றால் ஒரு நாளுக்கு 300 ரூபா. கயிறு, ஹார்னஸ், தலைக்கவசம் எல்லாம் 120,000 ரூபா, 400 நாட்களுக்கு என்றால் இன்னொரு 300. செயின் ஒன்று 6,000 ரூபா, 30 நாட்களுக்கு என்றால் 200. ஆக, ஒரு நாளைய தேய்மானம் 800 ரூபா.

இரண்டு உதவியாளர்களுக்கு 8,000, வாகனத்துக்கு 4,000, பெற்றோலுக்கும் ஒயிலுக்கும் 1,500. தேய்மானத்தோடு சேர்த்து 14,300 ரூபா. தனக்கு 5,000 ரூபா கூலி வைத்தால் 19,300. இதில் இலாபம் இன்னும் சேரவில்லை. மழை நாட்களும் சேரவில்லை.

12,000 ரூபாவுக்கு வந்தவர் என்ன செய்கிறார்? ஓர் உதவியாளரைக் குறைத்துவிடுகிறார். மற்றவருக்கு 4,000, வாகனத்துக்கு 4,000, எரிபொருளுக்கு 1,500 கொடுத்தால் மிச்சம் 2,500 ரூபா. கீழே நிற்கும் உதவியாளரை விடக் குறைந்த கூலிக்கு இவர் மரத்தின் உச்சியில் நிற்கின்றார். தேய்மானத்துக்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை.

அந்த 800 ரூபாவை வருடத்தில் 200 நாட்கள் தனியாக எடுத்து வைத்தால் 160,000 ரூபா சேரும். புதிய கயிறும் புதிய மெஷினும் அதிலிருந்து வரும். எடுத்து வைக்காதவர் மெஷின் நின்ற அன்று வட்டிக் கடைக்குப் போகின்றார். வாராந்தக் கடன் தவணை கட்டுவதற்காகக் காற்றடிக்கும் நாளிலும் மரம் ஏறுகின்றார். வட்டி ஹராம் என்பது எமக்குத் தெரியும். அது ஒருவரை எந்த உயரத்துக்கு ஏற்றிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் முதல் இல்லாதவர்கள் முராபஹா முறையில் உபகரணம் பெற்றுக்கொள்ளும் வழியை விசாரிக்கலாம். இல்லையேல், ஊரிலுள்ள வசதி படைத்தவர் ஒருவர் பங்குக்கு முதல் போடலாம்.

மெஷினைப் பராமரித்தால் செலவு இன்னும் குறையும். பெற்றோலுக்கு ஒயில் கலக்கும் அளவை மெஷினின் புத்தகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 1க்கு 50 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 1க்கு 25 என்றால் 40. கண்மதிப்பில் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துவிடும். வாளிலிருந்து சீவல் சீவலாக வந்தால் செயின் கூர். மாவாக வந்தால் அரம் பிடிக்க வேண்டிய நேரம். மழுங்கிய செயினை அழுத்தி வெட்டுபவர் பெற்றோலையும் தனது தோளையும் வீணாக்குகின்றார்.

காகிதமும் தேவை

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியில் நிற்கும் மரமாக இருந்தாலும் பிரதேச செயலகத்துக்குச் செல்ல வேண்டும். வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றுவதற்கு முன்னர் போக்குவரத்து அனுமதி தேவையா என்றும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். செயின் சோக்களைப் பதிவு செய்வது 2016இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே பழைய மெஷின் வாங்குபவர் பதிவுப் பத்திரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். மின்கம்பிக்கு அருகில் கொப்பு இருந்தால் மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவித்து, லைனை நிறுத்திய பின்னரே கை வைக்க வேண்டும்.

வேலையை ஆரம்பிக்கும் முன்னர் எந்தக் கொப்பு, எவ்வளவு கூலி, விறகும் மரமும் யாருக்கு, அயலவரின் மதிலோ ஓடோ உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் எமக்குப் பழக்கமானது. அதே ஒழுங்கை இங்கும் கொண்டுவந்தால் எத்தனையோ அயலவர் சண்டைகள் தீரும். தனிநபர் விபத்துக் காப்புறுதி தகாபுல் முறையிலும் கிடைக்கின்றது. அதன் கட்டணத்தையும் கூலியில் சேர்ப்பதில் தவறில்லை.

வேலை கொடுக்கும் வியாபார சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை கேட்கும் முன்னர் கயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் வருவீர்கள் என்று கேளுங்கள். எல்லாம் ஒழுங்காக உள்ளவரிடம் பேரம் பேசினாலும் அளவோடு பேசுங்கள். எமது கடையில் ஒருவர் அடக்க விலைக்குக் கீழே கேட்டால் நாம் கொடுப்பதில்லை. மரம் ஏறுபவருக்கும் ஓர் அடக்க விலை உண்டு.

இத்தொழிலுக்குச் சொன்ன கணக்கு பேக்கரி போறணைக்கும் முச்சக்கரவண்டிக்கும் தையல் மெஷினுக்கும் பொருந்தும். தேய்வதை விலையில் சேர்க்காதவர் தனது முதலைத் தானே தின்றுகொண்டிருக்கிறார். இன்றிரவு கடையைப் பூட்டியதும் ஒரு கொப்பியை எடுத்து உங்கள் உபகரணங்களின் ஒரு நாளைய தேய்மானத்தை எழுதிப் பாருங்கள். அல்லாஹ் எம் அனைவரது உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.