ஏழு பல் சவுக்கு, பத்துப் பல் சவுக்கு

பழவேற்காடு கரையில் சவுக்குத் தோப்புக்குள் நின்று படம் எடுத்து, 'சென்னைக்குப் பக்கத்திலேயே பைன் காடு' என்று சமூக ஊடகத்தில் போடுகிறார்கள். ஊட்டியில் சினிமாக்காரர்கள் ஆடிப் பாடும் காட்டில் இருப்பதுதான் பைன். சவுக்கு பூக்கிற மரம்; ஓக் மரத்துக்குப் பங்காளி. ஊசி இலை என்று நாம் கூட்டிப் பெருக்குவது இலையே அல்ல, பச்சைக் குச்சி.

ஒரு குச்சியை மெல்ல இழுங்கள், கணுவில் கழன்று வரும். அங்கே வட்டமாகப் பொடிப் பற்கள் தெரியும். இலைகள் அவைதான். ஒவ்வோர் இலையும் நுனியை மட்டும் வெளியே நீட்டி, மீதி உடலைக் குச்சியோடு ஒட்டவைத்து ஒரு வரப்பாக ஓடுகிறது. இரண்டு வரப்புக்கு நடுவே ஒரு பள்ளம். இலைத்துளைகள் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் பதுங்கியிருக்கின்றன. முருங்கைக்காயை நூலளவுக்கு இளைக்கவைத்ததாக நினையுங்கள். மேடு வெயிலையும் உப்புக்காற்றையும் வாங்கிக்கொள்ளும். மூச்சு விடுவது பள்ளம். சாம்பாரில் போட்ட காயை வழித்துத் தின்பவரின் பல்லைப்போல ஈரத்தை உறிஞ்ச வரும் காற்றை, உள்ளே நுழையவிடாமல் பள்ளத்து மயிரிழைகள் மறிக்கும். முருங்கைக்காயில் மயிர் ஏது என்று கேட்காதீர்கள். உவமை இதற்குமேல் வேகாது.

பல்லை எண்ணினால் இனம் தெரிந்துவிடும். நம் கரையோரத்துப் பழைய சவுக்கில் ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் 7 அல்லது 8. ஜுங்குனியானா என்று நர்சரிகளில் விற்கும் சவுக்கில் 9 முதல் 11.

பழையதை 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின் விறகுக்காக வெள்ளைக்காரர்கள் சென்னை மாகாணக் கரையில் தோப்புத் தோப்பாக நட்டார்கள். ரயில் நிலக்கரிக்கு மாறிய பிறகும் அடுப்பும் சாரக் கட்டும் சவுக்கை விடவில்லை. வரலாறு போதும்.

ஜுங்குனியானா ஜாவா, திமோர் பக்கத்து மலைச்சரிவு மரம். வெட்டினால் தூரிலிருந்து தழைக்கும். பழையது அவ்வளவாகத் தழைக்காது. ஜுங்குனியானாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டு இனத்துக்கும் பிறந்த கலப்பினம் ஒன்று தாய்லாந்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. வந்தது ஆண் மரம் மட்டும். விதைக்கு வழியில்லை, கொழுந்தைக் கிள்ளி வேர்விடச் செய்துதான் பெருக்கினார்கள். கோவை வன மரபியல் நிறுவனமும் தேர்ந்தெடுத்த குளோன்களை வெளியிட்டிருக்கிறது. விளம்பரங்களைப் படித்தால் கற்பகத்தரு தோற்றுவிடும். ஆனால் ஒரே குளோனில் ஆயிரம் கன்று நட்டாலும் மரபணுக் கணக்கில் அது ஒற்றை மரம். ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு சவுக்குக்குக் 'கடல் அரண்' என்றும் பட்டம் கட்டினார்கள். காற்றைத் தணிக்கும், மணலைப் பிடிக்கும், சரி. அலையை ஒட்டி நட்டால் பங்குனி ஆமைக்கு முட்டையிடத் திறந்த மணல் இருக்காது. அதில் 7 பல்லுக்கும் 10 பல்லுக்கும் வித்தியாசம் இல்லை.