கொடுவாவும் குழைவான புழுவும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே மீன் என்றதும் இருவகை நீர்நிலைகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, மனிதர் அணைகட்டி ஆக்கிய குளம். மற்றொன்று, ஆறும் கடலும் கூடி ஆக்கிய களப்பு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், பாவற்குளம் ஆகியன முதல்வகையைச் சேர்ந்தவை. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் ஆகியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. குளத்திலே விரால் அரசன் என்றால், களப்பிலே கொடுவாவே அரசன் எனலாம். இவ்விரண்டும் பிற உயிர்களை வேட்டையாடி உண்பவை. வேட்டைக் குணமே இவற்றுக்கு வலிமை. அதுவே இவற்றைத் தூண்டிலில் மாட்டுவிக்கும் பலவீனமுமாகும்.

எல்லா மீனும் பொய்யிரைக்கு ஏமாறுவதில்லை. 1952ஆம் ஆண்டிலே ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீன் இலங்கைக் குளங்களிலே விடப்பட்டது. இன்று நம் நாட்டு நன்னீர் மீன்பிடியின் பெரும்பங்கு அதுவே. ஆயினும் அது பெரும்பாலும் பாசியையும் சேற்றிலுள்ள சத்தையும் உண்பது. ஓடுகின்ற இரையைத் துரத்தும் வழக்கம் அதற்குக் குறைவு. விராலோ அவ்வாறன்று. தாமரையிலைகளுக்கிடையே ஒரு தவளை துள்ளினாற் போதும், பாய்ந்து கவ்வும். இதனை அறிந்தே நம் முன்னோர் உயிருள்ள சிறுதவளையைத் தூண்டிலிற் கொளுவி, நீர்ப்பரப்பிலே துள்ளச் செய்து விரால் பிடித்தனர். வயலோரத்து மாமரத்திலிருந்து வீழும் பழத்தை வாளைமீன் கவ்வுவதாகக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் பாடியுள்ளார். நீரில் விழுவதெல்லாம் இரையே என்று எண்ணும் மீனின் இயல்பைத் தமிழர் அன்றே கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

அடுப்படியிற் பிறந்த புழு

உயிருள்ள இரையைத் தேடிப் பிடித்தலும், அதனை உயிரோடு வைத்திருத்தலும் தொல்லையான காரியங்கள். எனவே மரத்தாலும் இறகாலும் உலோகத் தகட்டாலும் பொய்யிரை செய்யும் வழக்கம் மேல்நாடுகளிலே நெடுங்காலமாக இருந்து வந்தது. 1949ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரிலே நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் புதியதொரு வழியைக் கண்டனர். வினைல் பிளாஸ்டிக்கையும் எண்ணெயையும் நிறப்பொருளையும் தம் வீட்டு அடுப்பிலே காய்ச்சி, மண்புழுவின் அச்சிலே வார்த்தனர். அது தொட்டால் வளையும், விட்டால் நிமிரும், நீரிலே உயிருள்ள புழுப்போலவே நெளியும். அந்நாட்டு ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ் என்னும் மீனைப் பிடிப்போர் அதனை விரும்பி வாங்கினர்.

பின்னர் இதே வழியிலே 'கிரப்' என்னும் குட்டையான உருவம் பரவியது. கிரப் என்றால் வண்டின் குடம்பி. குப்பைமேட்டிலே நாம் காணும் பருத்த வெண்புழு. 1970களின் முற்பகுதியில் அதற்கு அரிவாள்போல் வளைந்த மெல்லிய வாலும் வைத்தனர். ஈயக்குண்டு பொருந்திய தூண்டில்முள்ளிலே இப்புழுவைக் கொளுவி, தங்கூசி நூலிலே கட்டி எறிந்து, மெல்ல இழுத்தால் வால் படபடவென்று அடிக்கும். இன்று எத்தனையோ நூதனமான பொய்யிரைகள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆயினும் இப்பழைய பாணிப் புழுவைக் கைவிடாத தூண்டிற்காரர் உலகெங்கும் உளர்.

அந்த வாலசைவிலே என்ன மாயம் உண்டு? மீனின் உடலின் இருபக்கத்திலும் தலைமுதல் வால்வரை 'பக்கக்கோடு' என்னும் உணர்வுறுப்பு ஓடுகிறது. நீரில் உண்டாகும் மிகச் சிறிய அதிர்வையும் அது உணரும். கலங்கிய நீரிலே கண் பயன்படாத போதும், அருகில் ஒரு குஞ்சுமீன் வாலசைப்பதை வேட்டைமீன் அறிந்துகொள்வது இதனாலேதான். பிளாஸ்டிக் வாலின் துடிப்பும் மீனுக்கு அப்படியே தோன்றுகிறது. மேலும், மரத்தாலான இரையைக் கவ்விய மீன் அதன் வன்மையை உணர்ந்து உடனே உமிழக்கூடும். மென்மையான புழுவையோ சற்றுநேரம் வாயிலே வைத்திருக்கும். அச்சிறு பொழுதே தூண்டிற்காரனுக்கு வாய்ப்பு.

தந்தையாயிருந்து தாயாகும் மீன்

அமெரிக்கப் பாஸ் நம் குளத்து மீனன்று. ஆனால் ஆங்கிலேயர் 'ஆசியக் கடற்பாஸ்' என்று பெயரிட்ட மீன் நமக்குப் புதியதன்று. நம் கொடுவாவே அது. சிங்களத்தில் 'மோதா' என்பர். அவுஸ்திரேலியாவிலே 'பரமண்டி' என்பது அதன் பெயர். அங்கே பொய்யிரை கொண்டு இதனைப் பிடிப்பது பெரும் பொழுதுபோக்காகும். நம் நாட்டுக் களப்புகளிலும் அவ்வழக்கம் பரவி வருகிறது.

கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. கடலுக்கு அண்மையில், உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியிலே அது முட்டையிடும். குஞ்சுகள் களப்பினுள்ளும் கண்டற் காட்டினுள்ளும் புகுந்து, வழி கிடைத்தால் நன்னீர்வரை சென்று வளரும். நந்திக்கடலை எடுத்துக்கொள்வோம். பேராறு அதற்கு நன்னீர் கொணர்கிறது. கோடையிலே மணற்றிடர் கடலுக்கும் களப்புக்கும் இடையே கதவடைத்துவிடும். வாடைக்காற்றோடு வரும் மாரிமழை பெருகியதும் வட்டுவாகற் பக்கத்திலே முகத்துவாரம் திறக்கும். அக்கதவு திறக்கும் காலமே இறாலுக்கும் மீனுக்கும் போக்குவரவுக் காலமாகும்.

விந்தை இன்னும் முடியவில்லை. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சியடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுகிறது. இம்மாற்றத்தை விளக்கும் ஆய்வு 1979ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஆகவே களப்பிலே காணும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் ஒரு தாய்மீன் என்று கொள்ளலாம். அதன் வயிற்றிலே பல இலட்சம் முட்டைகள் இருக்கக்கூடும்.

எதைப் பிடிப்பது, எதை விடுவது?

இவ்விடத்திலேதான் நாம் சிந்திக்க வேண்டிய காரியம் உண்டு. தூண்டிற்காரன் எவனும் பெரிய மீனையே விரும்புவான். வலைகாரனும் அப்படியே, பெரிய மீனுக்கே விலை அதிகம். கண்சிறுத்த வலையோ குஞ்சையும் விடாது. இவ்வாறு பெரியதையும் சிறியதையும் ஒருங்கே வாரினால், தாயும் இல்லை, தாயாகப் போவதும் இல்லை. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பரமண்டியையும் பிடிக்கலாகாது. 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் பிடிக்கலாகாது. குஞ்சை விடு, தாயையும் விடு, நடுத்தரத்தை உண் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

வன்னியிலே இதற்குத் தனிப் பொருள் உண்டு. நந்திக்கடற் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அதே நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேதான் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் கழிந்தன. உற்றாரையும் உடைமையையும் அங்கே இழந்து, பின்னர் மீண்டுவந்த மக்கள் அந்த நீரையே நம்பி மீண்டும் வலைவீசினர். ஆதலின் களப்பு மீன் அவர்களுக்கு விளையாட்டுப் பொருளன்று; பிள்ளைகளின் பள்ளிச்செலவும் இரவுச் சோறுமாகும். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர் பெரிய மீனை எளிதில் விட்டுவிடலாம். வயிற்றுக்காக வலை வீசுபவர் அவ்வாறு விடுவது எளிதன்று. எனவே முதற்கடமை முன்னவருடையதே.

பொய்யிரை பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. நூல் அறுந்தால் பிளாஸ்டிக் புழு நீரடியிலே கிடக்கும்; அது மக்குவதில்லை. அமெரிக்காவிலே ட்ரவுட் மீன்களுக்கு இத்தகைய புழுக்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றை விழுங்கிய மீன்களின் உடல் மெலிந்ததை அது காட்டியது. மண்புழு தூண்டிலிலிருந்து நழுவினால் அது மீனுக்கு உணவாகும். பிளாஸ்டிக் புழு நழுவினாலோ அது மீனுக்கு நோயாகும்.

தூண்டில் பிடிக்கும் மாணவ நண்பர்கள் சில பழக்கங்களை மேற்கொள்வார்களாக. கிழிந்த பொய்ப்புழுவை நீரிலெறியாது சட்டைப்பையிலே இட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தூண்டில்முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி விட்டால், மீனைக் காயமின்றிக் கழற்றுதல் எளிதாகும். விடவேண்டிய மீனை நனைந்த கையாலே பிடியுங்கள். உலர்ந்த கை அதன் மேனியின் வழுவழுப்பான காப்பை உரித்துவிடும். குஞ்சுகளைக் காத்துநிற்கும் விராலைக் கண்டால், அங்கே தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகள் அனைத்தும் பிறமீனுக்கு இரையாகும்.

மீனை ஏமாற்றும் வித்தையை மனிதன் நன்றாகக் கற்றுக்கொண்டான். அடுத்த மாரியிலே முகத்துவாரம் திறக்கும்போது களப்பினுள்ளே நுழையக் குஞ்சுகள் இருக்க வேண்டுமாயின், அவன் கைக்கொள்ள வேண்டிய அளவையும் கற்றாக வேண்டும்.