மலை ஏற்றத்தில் கார் நின்றால்...

மும்பையிலிருந்து மே மாதம் காரில் ஊருக்குப் புறப்படும் தமிழர்களுக்கு கண்டாலா, சாத்தாரா பக்கத்து மலை ஏற்றங்கள் பெரும் சோதனை. உள்ளே ஆறு பேர், மேலே மூட்டை முடிச்சு. என்ஜின் கொதித்து ஆவி பறக்கிறது!

பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. கொதிநீர் சீறி வந்து முகத்தை வேகவைத்துவிடும். என்ஜினை நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். குழந்தைகளை இறக்கி, வண்டிகள் வராத ஓரமாக நிறுத்துங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்குப் போன் செய்தால் நள்ளிரவிலும் பதில் உண்டு.

மெக்கானிக்கிடம் 'காடி பந்த் பட்லி' என்றால் போதும். எல்லை தாண்டி கர்நாடகத்தில் 'காடி கெட்டு ஹோகிதே'. (பாதி தமிழ்தான்!) கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும். ரப்பர் குழாயை மாற்றினால், பழைய குழாயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.