கூடைக் கணக்கு – 7: காற்றுக்குக் கூலி

காரைக்குடித் தோழி தன் ஆன்லைன் கொட்டான் கடையை மூடிவிடலாம் என்று சொன்ன இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மூடுவதற்கு முன் ஒரு நாள் கணக்கைப் பார்க்கிறேன் என்றேன். "கணக்குல என்னக்கா இருக்கு? விக்கல, அவ்வளவுதான்" என்றாள். இருந்தாலும் செலவு டைரியையும், ரப்பர் பேண்டு போட்ட கூரியர் ரசீதுக் கட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

கொட்டான் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பனங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, மெல்லிய பட்டையாகக் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கிப் பின்னுகிற கூடை அது. நகரத்தார் வீட்டு விசேஷங்களில் ஆச்சிமார் கைவேலையாக வலம்வந்தது. பிளாஸ்டிக் வந்தபின் பின்னத் தெரிந்த கைகள் அருகிப்போயின. விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தது. 2012-13-ல் 'செட்டிநாடு கொட்டான்' புவிசார் குறியீடும் பெற்றது. அந்தக் குறியீட்டோடு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்க வேண்டும். தோழிக்குப் பின்னிக் கொடுக்கும் பெண்கள் இன்னும் பதியவில்லை. அதனால் அவள் கடையில் வெறும் 'பனையோலைக் கொட்டான்'தான்.

இனி ரசீதுக் கட்டுக்கு வருவோம். பெரிய கொட்டான் ஒன்றின் விலை 450 ரூபாய், டெலிவரி இலவசம். ஓலை, சாயம், பின்னு கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து அவளுக்கு அடக்கம் 220. "பாதிக்குப் பாதி நிக்குதுல்லக்கா?" என்றாள். கூரியர் ரசீதைப் பிரித்தேன். எடை என்ற இடத்தில் 4.5 கிலோ என்று இருந்தது.

கூடையைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டியோடு சேர்த்தாலும் 600 கிராம் தாண்டாது. கூரியர்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். ஏமாற்று இல்லை. வண்டியில் பொருள் அடைக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தான் கூரியரில் கட்டணம். பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் ஒரு எடை வரும். 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்பார்கள். உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில்.

அவளுடைய பெட்டி 30க்கு 30க்கு 25. பெருக்கினால் 22,500. ஐயாயிரத்தால் வகுத்தால் 4.5. கிலோவுக்கு 60 ரூபாய் வீதம் 270 ரூபாய். ஆக 220-ம் 270-ம் 490. ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதம், 9 ரூபாய். மொத்தம் 499. விற்ற விலை 450.

ஒரு கூடை விற்றால் 49 ரூபாய் கைநஷ்டம்! விற்கவில்லையே என்று அவள் அழுதுகொண்டிருந்தாள். விற்காததால்தான் கடை அதுவரை உயிரோடு இருந்தது. இதில் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு வேறு மாதாமாதம் காசு கட்டியிருந்தாள், நஷ்டத்தை விரைவுபடுத்த.

கேஷ் ஆன் டெலிவரி கதை இன்னும் மோசம். ஆர்டர் போட்டவர் வாசலில் வைத்து "வேண்டாம்" என்றால், போன கூலியோடு திரும்பி வந்த கூலியும் நம் தலையில். அப்படித் திரும்பியவை தனிக் கட்டாக இருந்தன. அன்றே ஒரு முடிவெடுத்தோம்: கேஷ் ஆன் டெலிவரி வேண்டுமென்றால் 100 ரூபாய் முன்பணம். நூறு ரூபாய் கட்டியவர் கதவைச் சாத்துவது அபூர்வம்.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காற்றை என்ன செய்வது? விலையை 600 ஆக்கலாம் என்றேன். யாரும் வாங்க மாட்டார்கள் என்றாள். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, திண்ணையில் ஓலை வகிர்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிராமலே சொன்னார்: "ஒண்ணு ஒண்ணா ஏன் தாயி அனுப்புறீக? அடுக்குச் சட்டி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு அனுப்ப வேண்டியதுதான?"

கணக்குப் படித்த நானும், கம்ப்யூட்டர் படித்த அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலையே பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். பெட்டியையும் மாற்றினோம். முன்பு கடையில் கிடைத்த பெட்டிக்குள் கூடையைப் போட்டுச் சுற்றிலும் காகிதம் திணித்திருந்தாள். இப்போது கூடைக்கு அளவெடுத்துப் பெட்டி: 27க்கு 27க்கு 22. எடை 3.2 கிலோ, கூரியர் கணக்கில் அரைக் கிலோவுக்கு ஏற்றி 3.5. ஒவ்வொரு அளவிலும் மூன்றே சென்டிமீட்டர் குறைத்ததற்கு ஒரு கிலோ மிச்சம்.

மூன்று கூடைக்கும் பெட்டிக்கும் அடக்கம் 500. கூரியர் 210. கேட்வே 19. மொத்தம் 729. செட்டின் விலை 950 என்று வைத்தோம். 221 ரூபாய் நிற்கிறது. பின்னு கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைவினைக் கடை தடுமாறும்போது எல்லோரும் முதலில் கைவைப்பது அங்கேதான்.

சரக்கைக் காட்டும் விதத்தில் இரண்டு திருத்தங்கள் செய்தோம். பழைய படங்களில் கூடை வெள்ளைத் துணி மேல் தனியாக நின்றது. பானை அளவா, பம்பர அளவா என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் வெற்றிலை வைத்து மறுபடி எடுத்தோம். அளவை இனி வாயால் சொல்ல வேண்டாம். "படத்துல பெருசாத் தெரிஞ்சுது" என்ற புகாரும் அத்தோடு நின்றது.

இன்னொன்று பெயர். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருப்பவர் 'கொட்டான்' என்று தேட மாட்டார். 'ரிட்டர்ன் கிஃப்ட்', 'பூஜைக் கூடை', 'வளைகாப்பு' என்றுதான் தட்டுவார். தலைப்பில் அந்தச் சொற்களை முன்னால் வைத்து, கொட்டான் என்ற பெயரைப் பின்னால் நிறுத்தினோம். வாங்கியபின் அவர்களாகவே கொட்டான் என்று சொல்லப் பழகிக்கொள்வார்கள்.

முதல் செட்டைக் கட்டும்போது தராசில் வைத்தாள். எல்லாம் சேர்த்து 1.2 கிலோ. பில் வரப்போவதோ 3.5 கிலோவுக்கு. சின்னக் கொட்டானின் வயிறு இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, இதுக்குள்ள அரைக் கிலோ கருப்பட்டி வச்சா கூரியருக்கு எவ்வளவு கூடும்?" என்று கேட்டாள்.

"ஒரு பைசா கூடாது."

"அப்ப வைப்போம். கூடையும் பனை, கருப்பட்டியும் பனை."

கணக்கு என்னக்கா கணக்கு என்றவள்தான் இவள். கடை பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

ஆனால் கருப்பட்டி தின்கிற பொருள். அதை விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அந்தப் படிவத்தோடு நாங்கள் மல்லுக்கட்டிய கதை அடுத்த வாரம்.

(பின்னுவோம்)