நிகண்டிலிருந்து கற்கண்டு வரை

உ.வே. சாமிநாதையர் பிறந்தது 1855இல். அவர் எழுத்தறியத் தொடங்கிய காலத்தில் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்களில் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணைதான். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, சதகங்கள், எண்சுவடி என்று பாடங்களுக்கு ஒரு வரிசை இருந்தது. எல்லாமே மனப்பாடம். பொருள் பிறகு வரும், சிலருக்கு வராமலும் போகும். மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது உபாத்தியாயர் ஆளுக்கொரு பூவின் பெயரோ, மிருகத்தின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். சொல்வளப் பயிற்சி என்று இன்று நாம் அழைப்பது, அன்று சிறு பிள்ளைகளுக்கு இந்த அளவில் இருந்தது.

அதற்கு மேல் போகிறவனுக்கு நிகண்டு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதி. அதில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லும் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஏட்டைப் புரட்டித் தேடுவதற்காகச் செய்த அடுக்கு அது என்று தோன்றவில்லை. நாக்கில் நிற்பதற்காகச் செய்தது. இலக்கணத்துக்கு நன்னூல். உ.வே.சா. கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் பாடம் கேட்டார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும்போது, சொல்லும் இலக்கணமும் ஏற்கெனவே மனத்தில் ஏறியிருந்தன.

அக்காலத்தில் மனிதர்களின் கதை இல்லாமல் இல்லை. அறுபத்துமூவர் வரலாறு இருந்தது. ஆனால் அது செய்யுளில் இருந்தது. பெரியபுராணத்தைப் படிக்க வேண்டுமானால் சந்தி பிரிக்கத் தெரிய வேண்டும், அருஞ்சொல் தெரிய வேண்டும். அதாவது மொழிப் படிப்பை முடித்தவனுக்குத்தான் வாழ்க்கைக் கதை கிடைத்தது. இன்று இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இப்போது ஒரு மனிதரின் கதையைக் கொடுத்து, அதற்குள்ளிருந்தே சொல்லையும் இலக்கணத்தையும் குழந்தையிடம் சேர்க்கிறோம்.

இந்தத் திருப்பத்தின் முதல் வேலைகளில் முக்கியமானவை யாழ்ப்பாணத்தில் நடந்தன. வண்ணார்பண்ணையில் பள்ளி நடத்திய ஆறுமுக நாவலர், எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று படிப்படியாக ஏறும் பாலபாடங்களை 1850 முதல் அச்சிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். கடினமான சந்திகளைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு எழுதிய உரைநடை அது. நாயன்மார் ஒருவரின் வாழ்க்கையை, நிகண்டு தெரியாத ஒருவரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிடலாம் என்ற நிலை அப்போது வந்தது. இலக்கணத்தையும் அவர் சூத்திரத்திலிருந்து வசனத்துக்கு இறக்கி இலக்கணச் சுருக்கம் எழுதினார். உ.வே.சா.வின் ஊரான உத்தமதானபுரத்துத் திண்ணையில் ஒரு சிறுவன் பூப்பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய காலத்துக்குச் சற்று முன்பே, கடலுக்கு அப்பால் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது.

பிறகு வந்த நூறாண்டில் தலைவர்களின் வரலாறு தமிழ்ப் பாடநூலில் நிலைத்த இடம் பிடித்தது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, மாநிலம் முழுவதும் ஒரே பாடத்தை ஒரே எழுத்தில் படிக்கத் தொடங்கியது. என் தலைமுறை படித்தது அந்தப் புத்தகங்களை. உரைநடைப் பாடம் நீளமாக இருக்கும். ஆசிரியர் ஒரு பத்தி வாசிப்பார், பிறகு வரிசையாக எழுப்பி ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வார். திக்கியவன் நின்றுகொண்டே இருப்பான். பாடத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள், சொற்றொடரில் அமைத்தல், ஐந்தாறு வினாக்கள். அவற்றுக்குப் பதில் கோனார் உரையில் இருக்கும். இலக்கணம் வேறு நாளில், வேறு பக்கத்தில், ஏதோ வேறொரு பாடம்போல வரும். குற்றியலுகரம் ஆறு வகை என்று ஒப்பிக்கத் தெரிந்த பையனுக்கு, முந்தின நாள் வாசித்த காந்தியடிகள் பாடத்தில் ஒரு குற்றியலுகரத்தைக் காட்டத் தெரியாது. காட்டச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

ஆனால் துணைப்பாடம் என்று தனியாக ஒரு புத்தகம் இருந்தது. அதில் பயிற்சி குறைவு, கதை அதிகம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் குறைவாக இருந்ததாலோ என்னவோ, அதை நாங்கள் பாடமாக நினைக்காமல் வாசித்தோம்.

இன்றைய ஆறாம் வகுப்புத் தமிழ்நூலில் காமராசர் பற்றிய பாடத்துக்குக் ‘கல்விக்கண் திறந்தவர்’ என்று பெயர். 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் புத்தகம். பாடத்தைச் சுற்றிலும் கற்பவை கற்றபின், மதிப்பீடு, மொழியோடு விளையாடு, நிற்க அதற்குத் தக என்று சிறு சிறு பகுதிகள். கியூஆர் குறியீடு உண்டு. கைப்பேசியைக் காட்டினால் காணொளி வரும். இலக்கணப் பகுதியின் தலைப்பு ‘கற்கண்டு’. பிரம்புக்குப் பயந்து நன்னூல் படித்த தலைமுறை பார்த்தால் சிரித்திருக்கும், கொஞ்சம் பொறாமையும் பட்டிருக்கும்.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் இந்தப் பாடம் நடந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ‘காமராசர் விருதுபட்டியில் பிறந்தார்’ என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். ஒரு சிறுமி எழுந்தாள்.

“டீச்சர், பொறந்தப்போ அவரு கொழந்ததானே? அப்பவே எதுக்கு ‘ஆர்’?”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. “உங்க தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ செஞ்சதை வீட்டுல எப்படிச் சொல்லுவே?” என்று கேட்டார். அவள் யோசித்து, “தாத்தா கெணத்துல குதிச்சாரு” என்றாள். பிறகு ஆசிரியை இரண்டு வாக்கியங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார்: தம்பி பிறந்தான், காமராசர் பிறந்தார். பக்கத்தில் இன்னொன்று: மாணவர் பலர் வந்தார். ஒரே ‘ஆர்’ ஓரிடத்தில் பலரைக் குறிக்கிறது, இன்னோரிடத்தில் மரியாதைக்குரிய ஒருவரைக் குறிக்கிறது என்பதைக் குழந்தைகளே கண்டு சொன்னார்கள். ஒருவரைப் பலராகச் சொல்வது பிழைதான், ஆனால் உயர்வு கருதினால் பிழையாகாது என்று நன்னூல் வழுவமைதியில் இடம் கொடுத்திருக்கிறது. வழுவமைதி என்ற பெயர் அன்றைய வகுப்பில் சொல்லப்படவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ அந்தப் பெயர் வரும்போது, அவளுக்குக் கிணற்றில் குதித்த தாத்தா நினைவுக்கு வரலாம்.

வாழ்க்கைக் கதையில் மட்டும் கிடைக்கும் வசதி இது. பிறப்பு, படிப்பு, வேலை, பதவி என்று கதை நகர நகர இறந்தகால வினைமுற்றுகள் தானாக வரிசையில் வந்து நிற்கின்றன. பிறந்தார், படித்தார், இழந்தார், திறந்தார் ஆகியவற்றை எடுத்து, எதில் ‘ந்த்’ வருகிறது, எதில் ‘த்த்’ வருகிறது என்று பிரிக்கச் சொல்லலாம். படர்க்கையைத் தன்மையாக்கி, “நான் விருதுபட்டியில் பிறந்தேன்” என்று ஒரு குழந்தையைக் காமராசராகப் பேசச் சொல்லலாம். வ.உ.சிதம்பரனாரைத் தம் கதையைத் தாமே சொல்லவைத்து ரா.பி. சேதுப்பிள்ளை எழுதிய பகுதி ஏழாம் வகுப்பில் பாடமாக இருக்கிறது. அங்கே அது இலக்கிய உத்தி, இங்கே வாய்மொழிப் பயிற்சி.

உ.வே.சா.வின் கதையும் 2010இல் வந்த சமச்சீர்க் கல்வியின் ஆறாம் வகுப்பு நூலில் பாடமாக இருந்தது. அந்தப் பாடம் நடத்துகிறவருக்குச் சந்தி கற்பிக்க வேறு உதாரணமே வேண்டாம். ஓலை, சுவடி சேர்ந்தால் ஓலைச்சுவடி. தமிழ், தாத்தா சேர்ந்தால் தமிழ்த்தாத்தா. அவர் 1889இல் பதிப்பித்தது பத்துப்பாட்டு. 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தைப் பிரித்தால் சிலம்பு, அதிகாரம். மகர மெய் எப்படிப் பகர மெய்யாகிறது என்று கேட்டால் ஒரு பாடவேளை போய்விடும். புணர்ச்சி விதிகளைத் தலைகீழ்ப் பாடமாகப் படித்த மனிதரின் வாழ்க்கையே, இப்படிப் புணர்ச்சி விதிகளைக் கற்பிக்கும் கருவியாகிவிட்டது.

தொடக்க வகுப்புகளில் மாற்றம் இன்னும் பெரியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகள் தரையில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தங்கள் வேகத்தில் ஏணியில் ஏறினார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், கொரோனாவால் விடுபட்ட படிப்பை மீட்கக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தது. ஒரே கதையை அரும்பு படங்களைப் பார்த்துச் சொல்கிறது, மொட்டு சொற்களாக வாசிக்கிறது, மலர் பத்தியாக எழுதுகிறது. என் வகுப்பில் நின்றுகொண்டே இருந்தவனுக்கு இன்று உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இதை மிகப் பெரிய ஆதாயம் என்று நினைக்கிறேன்.

ஆதாயத்தைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. 1951இல் சென்னை மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர். திண்ணையில் உட்காராத, உட்கார விடப்படாத வீடுகளின் பிள்ளைகள் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். காமராசரே ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமன் கடைக்குப் போனவர். அவர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில்தான் ஊருக்கு ஊர் பள்ளிகள் எழுந்தன, மதிய உணவு வந்தது. அவர் படிப்பு நின்றுபோன அதே ஆறாம் வகுப்பில் அவர் கதை பாடமாக இருப்பதைப் புத்தகம் செய்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, அந்த வகுப்புக் குழந்தைகளுக்குச் சொன்னால் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இழந்தவற்றில் முதலாவது நினைவு. நிகண்டு படித்தவனிடம் யானைக்கும் மலைக்கும் கடலுக்கும் இருபது முப்பது பெயர்கள் எப்போதும் தயாராக இருந்தன. இன்றைய குழந்தைக்கு அகரமுதலியைப் புரட்டத் தெரியும், அல்லது கைப்பேசியைக் கேட்கத் தெரியும். இந்த இழப்பை நான் பெரிதாகக் கருதவில்லை. பொருள் தெரியாத இருபது பெயரைவிடப் பொருளறிந்த இரண்டு மேல்.

இரண்டாவதுதான் உறுத்துகிறது. கதை சுருங்கிவிட்டது. அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்தவர் மூன்று நான்கு பக்கத்துக்குள் பிறந்து, போராடி, புகழ்பெற்று, மறைந்துவிடுகிறார். பயிற்சிகள் பெருகப் பெருகப் பாடம் ஒல்லியாகிறது. முப்பருவ முறை 2012இல் வந்தபோது பையின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் தனிப் புத்தகமாக இருந்த துணைப்பாடம் இன்று இயலுக்கு ஒரு சிறு பகுதியாக அடங்கிவிட்டது. ஒரு மனிதன் தயங்கியது, தோற்றது, கடன் வாங்கியது, மறுபடி தொடங்கியது எல்லாம் வெட்டுப்பட்டு, ஆண்டுகளும் பட்டங்களும் மிஞ்சுகின்றன. அப்போது அது கதையாக இருப்பதில்லை, வினாக்களுக்கு விடை ஒளித்துவைத்த இடமாகிவிடுகிறது. குழந்தைகள் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதலில் கேள்வியைப் படித்து, பிறகு பாடத்துக்குள் விடையைத் தேடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது திறமைதான், வாசிப்பு ஆகாது.

2023இல் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்கள் கொண்டுவந்தது. கேள்வி இல்லாத புத்தகங்கள். இழந்த துணைப்பாடம் வேறு சட்டை போட்டுத் திரும்பி வருகிறது என்றே அதைப் பார்க்கிறேன். இன்னும் மெல்லிய நூல்கள்தாம், ஆனால் திசை சரி.

அடுத்த பாடத்திட்டத்தை எழுதப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். கதை வழியே இலக்கணம் என்ற முறையை விட்டுவிடாதீர்கள், ஆனால் கதையைக் கதையளவுக்கு நீளவிடுங்கள். ஆறாம் வகுப்புக்கு ஆண்டுக்கு ஒரு வாழ்க்கை வரலாறாவது பத்துப் பக்கம் இருக்கட்டும். அதற்காகப் பயிற்சிகளில் பாதியை எடுத்தாலும் நட்டமில்லை. அதுவரை காத்திருக்க மனமில்லாத ஆசிரியர்களுக்கு ஒரு தகவல்: உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வார இதழுக்கு எழுதியவை என்பதால், அதன் அத்தியாயங்கள் பெரும்பாலும் ஒரு பாடவேளைக்குள் உரக்க வாசித்து முடிக்கக்கூடிய நீளம்தான்.